திறப்பு யாரிடம்?

2022 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் முற்பகல், பல்கலைக்கழக நூலகத்தின் படிக்கட்டில் நின்று, ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பொன்றுக்கு விடை கூறிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வாசிகசாலையின் செயலாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், ஊரார் அனைவராலும் 'மாஸ்டர்' என்றே அழைக்கப்படுபவருமான பெரியவர் மறுமுனையில் இருந்தார்.

"பிள்ளை, எங்கடை கொம்பியூட்டர் ஒண்டுக்கும் அசையுதில்லை. போட்ட உடனை ஏதோ ஒரு சொல்லுக் கேக்குது. நீர்தானே அதிலை என்னவோ வைச்சிட்டுப் போனீர்?"

வைத்தவள் நான்தான். என்ன சொல்லை வைத்தேன் என்பதே நினைவில் இல்லை.

அன்று தொலைபேசி வழியாக நிகழ்ந்த சோதனையை இன்று நினைக்கினும் நாணமாக உள்ளது. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தியது. திரையில் எழுத்துத் தோன்றாது, உடுக்குறியே தோன்றும். ஆதலால் அழுத்தியது சரியோ பிழையோ என்பதை இருவருமே அறியோம். மூன்று முறை பிழைத்ததும் இயந்திரம் மேற்கொண்டு கேட்க மறுத்து நின்றுவிடும். மின்னை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். அவ்வாறு நான்கு தடவை தொடங்கினோம். பன்னிரண்டு சொற்களும் பொய்த்தன. "சரி பிள்ளை, சோதினையை முடிச்சிட்டு வாரும். அதுமட்டும் சீலை போட்டு மூடி வைக்கிறன்" என்று கூறி மாஸ்டர் உரையாடலை நிறுத்திக்கொண்டார். அவர் குரலிற் சினம் இல்லாதிருந்தமையே என்னைப் பெரிதும் வருத்திற்று.

கலைப்பீட மாணவி ஒருத்தி கணினியின் உள்ளமைப்புப் பற்றி எழுதப் புகுந்தமை குறித்துப் பொறியியற்பீட நண்பர்கள் நகைக்கக்கூடும். நான் எழுதப் போவது ஒரு பூட்டைப் பற்றி. பூட்டு எல்லாப் பீடத்தாருக்கும் பொது.

கணினியின் மின்விசையை அழுத்தியதும் முதலில் விழித்தெழுவது நாம் அன்றாடம் காணும் பணிசெயல் முறைமை அன்று. அதற்கும் முன்பாக, தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லொன்றில் உறையும் செய்நிரல் ஒன்று எழுகின்றது. நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வன்தட்டு உண்டா என எண்ணிப் பார்த்து, எங்கிருந்து பணிசெயல் முறைமையை எடுத்து வருவது என்று தீர்மானிப்பது அதன் தொழில். வன்பொருளும் அல்லாது மென்பொருளும் அல்லாது இடைநிற்கும் இவ்வகைப் பொருளுக்கு 1967 இல் அஷர் ஒப்ளர் என்பார் 'ஃபேம்வெயார்' எனப் பெயரிட்டார். தமிழில் 'நிலைபொருள்' என்கின்றனர். 1970களின் நடுப்பகுதியில் கரி கில்டல் என்னும் அமெரிக்கர் தாம் எழுதிய முறைமையில் வன்பொருளோடு நேரே உரையாடும் பகுதிக்கு 'பயோஸ்' என்ற பெயரை இட்டார். இன்றைய கணினிகளில் 'யூஈஎஃப்ஐ' எனப்படும் புதிய அமைப்பு அதன் இடத்தைப் பிடித்துவிட்ட போதிலும், கடைக்காரர் முதல் விரிவுரையாளர் வரை வாயில் வருவது பழைய பெயரே.

இந்த நிலைபொருளுக்கெனச் சில அமைப்புகள் உண்டு. நேரம், திகதி, எந்தத் துறை இயங்கலாம், எத்தட்டிலிருந்து தொடங்குவது என்பன அவை. இவற்றுள் இறுதியாகக் கூறியதே மிக முக்கியமானது. தொடக்க வரிசையை மாற்ற வல்லவன் தன் சட்டைப்பையிற் கொண்டுவந்த 'பென் ட்றைவ்'இலிருந்து வேறொரு பணிசெயல் முறைமையை எழுப்பிவிடலாம். அப்போது, உள்ளே உள்ள முறைமைக்கு நாம் வைத்த கடவுச்சொல் யாதொரு பயனும் தராது. அந்தச் சொல்லைக் கேட்க வேண்டிய முறைமை இன்னும் உறக்கத்தில் இருக்கின்றது. வீட்டுக்காரர் விழிக்குமுன் படலையைக் கடந்தவன் வீட்டுக்காரருக்கு விடை சொல்ல வேண்டியதில்லை அல்லவா? ஆகவேதான் நிலைபொருளின் அமைப்புப் பகுதிக்கே ஒரு கடவுச்சொல் இடும் வழக்கம் வந்தது.

இதனை நான் கற்றுக்கொண்டது இழப்பின் வாயிலாக. அதனைக் கூறியாக வேண்டும்.

எங்கள் ஊர் வன்னியில் ஒரு குளக்கட்டின் கீழ் உள்ளது. 2010 இல் மீளக்குடியமர்ந்தபோது வாசிகசாலையின் சுவர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. கூரையும் அலுமாரிகளும் பின்னர் வந்தன. வெளிநாட்டில் வாழும் ஊரவர் சிலர் பணம் சேர்த்து வாங்கித் தந்த, ஏதோவோர் அலுவலகத்தில் உழைத்துக் களைத்த பழைய கணினி ஒன்றும் வந்தது. 2020 இல் நான் என் ஆய்வுக் கட்டுரைக்கென ஊரிலுள்ள முதிய பெண்கள் நால்வரின் பாடல்களைத் தொலைபேசியிற் பதிவு செய்தேன். தாலாட்டு, ஒப்பாரி, அருவி வெட்டுக்காலப் பாட்டு எனப் பதினொரு பாடல்கள். அவருள் ஒருவர் என் அம்மம்மா; மற்றொருவர் வடக்கு வளவு ஆச்சி. தொலைபேசியில் இடம் போதாமையால் ஒலிப்பதிவுகளை வாசிகசாலைக் கணினிக்கு மாற்றிவிட்டு, தொலைபேசியில் இருந்தவற்றை அழித்தேன். இரண்டிடத்தில் வைத்தல் வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. 2021 தைமாதத்தில் வடக்கு வளவு ஆச்சி காலமானார்.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் தொற்று நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் கற்ற பையன் ஒருவன் வாசிகசாலைக் கணினி மெதுவாக இயங்குகின்றதே என்று இரக்கப்பட்டு, நண்பனொருவனிடம் இருந்து வாங்கிய பென் ட்றைவைச் செருகி, புதிய முறைமை ஒன்றை நிறுவினான். நிறுவும்போது திரை ஒரு கேள்வி கேட்கும். வன்தட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. அவன் ஆம் என்றான். கணினி விரைவாக இயங்கத் தொடங்கியது. ஊரில் எல்லோரும் அவனைப் பாராட்டினர். மூன்று கிழமைகளின் பின் நான் சென்று பார்த்தபோது பாடல்கள் இல்லை. புலனத்தில் தோழி ஒருத்திக்கு அனுப்பியிருந்த இரண்டு மட்டும் தப்பின. ஏனைய ஒன்பதும் போயின. ஆச்சியின் மூன்று பாடல்களும் அவற்றுள் அடங்கும். அழிந்த கோப்பை மீட்கும் வழி உண்டு எனினும், அழிந்த இடத்தின்மீது வேறொன்று எழுதப்படாதவரைதான் அது இயலும். மூன்று கிழமைகளாகப் பிள்ளைகள் படமும் பாடமும் இறக்கி அத்தட்டை நிரப்பியிருந்தனர்.

நான் அவனை ஏசினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கு எழுத விரும்பவில்லை. அவன் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை.

அன்று மாலையே அமைப்புப் பகுதிக்குட் புகுந்தேன். வெளித்தட்டுகளிலிருந்து தொடங்கும் வசதியை நிறுத்தினேன்; அமைப்புகளை எவரும் மாற்றாதவாறு நிருவாகிக்குரிய கடவுச்சொல் ஒன்றை இட்டேன். எவரும் ஊகிக்க இயலாத சொல்லாக இருத்தல் வேண்டும் என்று கருதி அதற்கெனவே ஒன்றைப் புனைந்தேன். எழுதி வைப்பது மடமை என்று எங்கோ படித்திருந்தமையால் எழுதியும் வைக்கவில்லை. மாஸ்டரிடம், "இனி ஒருவரும் கைவைக்கேலாது" என்று சொன்னேன். அச்சொற்களைச் சொன்னபோது எனக்குள் எழுந்த பெருமிதத்தை நன்கு நினைவில் வைத்திருக்கின்றேன், கடவுச்சொல்லை அல்ல.

மறப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நாள்தோறும் பயன்படும் கடவுச்சொல்லை விரல்களே நினைவில் வைத்துக்கொள்ளும். நிலைபொருளின் கடவுச்சொல்லோ ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்பட்டாலும் அதிகம். எப்பொழுதாவது தேவைப்படும் அந்த ஒரு நாளோ பெரும்பாலும் இயந்திரம் பழுதுற்ற நாளாகவே இருக்கும்.

எங்கள் இயந்திரத்திற்கு அந்த நாள் 2022 இல் வந்தது. அவ்வாண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டமையை எவரும் மறந்திரார். கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் அதன் உள்ளே கடிகாரம் ஓட வேண்டும். சுவரில் மின் இருக்கும்வரை அது அம்மின்னைக் கொள்ளும். மின் இல்லாதபோது தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவான மூன்று வோற்று மின்கலத்தை உண்ணும். ஏற்கெனவே முதுமையடைந்திருந்த அம்மின்கலம் மாதக்கணக்கான இருளைத் தாங்காது ஓய்ந்தது. நேரமும் திகதியும் தவறின. தொடங்கும்போதே, திகதி பிழை, அமைப்புப் பகுதிக்குட் சென்று சரிசெய்க என்று இயந்திரம் நின்றது. உள்ளே செல்லக் கடவுச்சொல் வேண்டும். அந்நியருக்கென நான் இட்ட பூட்டு முதன்முதலில் எவரைத் தடுத்தது எனின், அந்த வாசிகசாலையின் செயலாளரை.

சோதனை முடியும்வரை இருந்த மூன்று கிழமைகளில், பாடநூல்களை வைத்துவிட்டு இதனைப் படித்தேன். அங்ஙனம் படித்தவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது பழைய செய்தி ஒன்று. 1981 இல் ஐபீஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியில் அமைப்புகளை மாற்றுவதாயின் பெட்டியைக் கழற்றி, பலகையிலுள்ள நுண்ணிய ஆளிகளைத் தள்ள வேண்டும். பெட்டியே பூட்டாக இருந்தது. 1984 இல் வந்த ஏற்றீ என்னும் மாதிரியில் அமைப்புகள் மின்கலத்தால் உயிர்வாழும் சிறு நினைவகம் ஒன்றுக்கு மாறின. அறுபத்துநான்கு பைற்றுகள், அவற்றுள் பதினான்கு கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும், எஞ்சிய ஐம்பது மற்றவற்றுக்கு. நாம் ஓர் அஞ்சலட்டையில் எழுதுவதினும் குறைவு. அதே மாதிரியின் முன்முகத்தில் உண்மையான பூட்டு ஒன்றும் இருந்தது. உலோகத் திறப்பைச் செருகித் திருப்பினால் விசைப்பலகை செயலற்றுவிடும். 1987 இல் வந்த பீஎஸ்/2 வரிசையில் தொடக்கத்திலேயே கடவுச்சொல் கேட்கும் வசதி இருந்தது. ஆறாண்டுக் காலத்தில் பூட்டு இரும்பிலிருந்து சொல்லுக்குக் குடிபெயர்ந்தது. இரும்புத் திறப்பு தொலைந்தால் பூட்டை அறுக்கலாம். சொல் தொலைந்தால்?

அந்தக் கேள்வி உற்பத்தியாளர்களுக்கும் எழுந்திருக்க வேண்டும். 1990களில் பயோஸ் எழுதிய நிறுவனங்கள் சில, உரிமையாளர் இடும் சொல்லைத் தவிரத் தமக்கென ஒரு பொதுச் சொல்லையும் உள்ளே வைத்திருந்தன. அச்சொற்கள் வெகுவிரைவில் வெளிவந்து, பட்டியலாகக் கைமாறின. ஊரில் உள்ள எல்லா வீட்டுப் பூட்டுகளும் கொல்லனிடம் உள்ள ஒரே திறப்புக்குத் திறக்கும் எனின், பூட்டுகளை எண்ணி என்ன பயன்? இது முடிந்துபோன கதையுமன்று. 2024 இல் ஆய்வாளர் வெளியிட்ட செய்தி ஒன்றின்படி, நூற்றுக்கணக்கான கணினி மாதிரிகள், நம்பகமான முறைமையை மட்டுமே தொடங்க அனுமதிக்கும் தம் ஏற்பாட்டின் மூலத்திறப்பாக, சோதனைக்கென ஆக்கப்பட்ட ஒன்றையே கொண்டு விற்பனைக்கு வந்திருந்தன. மாற்றிவிட்டே விற்க வேண்டிய அத்திறப்பின் மீது 'நம்பற்க' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வாறு எழுதியிருந்ததை வாசித்த பின்னும், அல்லது வாசிக்காமலே, அதனைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினர்.

தைபேயில் ஒரு மாணவனின் கதையும் உண்டு. சென் இங்-ஹாவ் என்பவர் மாணவராக இருந்த காலத்தில் எழுதிய நச்சுநிரல் 1998 இற் பரவி, 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. செர்னோபில் விபத்து நேர்ந்த திகதியும் அதுவாதலால் அப்பெயராலும் அது அறியப்பட்டது. வன்தட்டிலுள்ளவற்றை அழித்ததோடு அமையாது, சிலவகைத் தாய்ப்பலகைகளில் நிலைபொருளையே அது மேலெழுதிற்று. அப்பலகைகள் பின் உயிர்த்தெழவில்லை. சில்லை மாற்ற வேண்டியதாயிற்று. தைவானில் முறைப்பாடு செய்ய எவரும் முன்வராமையால் அவ்வேளை அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனின், அமைப்புப் பகுதிக்கு எத்துணைக் கடினமான கடவுச்சொல் இட்டிருப்பினும் இதனைத் தடுத்திராது என்பதே. அது படலையால் வரவில்லை. விருந்தினனாக வந்து, வீட்டினுள் இருந்தபடியே அத்திவாரத்தைத் தோண்டிற்று. 2018 இல் கண்டறியப்பட்ட லோஜக்ஸ் என்பதும் அவ்வழி வந்ததே. வன்தட்டை மாற்றினும் அது அகலாது, ஏனெனில் அது குடியிருந்தது வன்தட்டில் அன்று. 2011 இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, உற்பத்தியாளரின் இலக்கமுறைக் கையொப்பம் இல்லாத எதனையும் நிலைபொருளில் எழுதவிடலாகாது என்று கூறியது இத்தகைய அச்சத்தாலேயே.

நிற்க. இத்துணையும் படித்தபின் ஊருக்குச் சென்றேன். எரிபொருள் கிடைக்காத காலம். இரண்டு பேருந்து மாறி, கடைசிக் கட்டையை நடந்தே கடந்தேன். கடையிலிருந்து புதிய மின்கலம் ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தேன். பழைய மின்கலத்தைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டால் கடவுச்சொல் மறைந்துவிடும் எனப் படித்திருந்தமையால் கவலை பெரிதும் நீங்கியிருந்தது.

வாசிகசாலையில் மாஸ்டரோடு அந்தப் பையனும் இருந்தான். ஓராண்டாக அவன் வாசிகசாலைப் பக்கம் வருவதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். பரீட்சை எழுதிவிட்டு மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். மாஸ்டர் சொல்லியனுப்பி வந்திருக்கின்றான். கையில் ஒரு திருப்புளி. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கணினிமேல் கிடந்த சீலையை மடித்தேன்.

நான் மின்கலத்தை நீட்டி, என் விளக்கத்தையும் கூறினேன். அவன் சற்று யோசித்தான்.

"இல்லை அக்கா. பற்றரி செத்துத்தானே மணி பிழைச்சது. பற்றரி செத்தும் பாஸ்வேட் சாகேல்லை. அப்ப அது பற்றரியிலை உயிர் வாழேல்லை."

மூன்று கிழமை வாசிப்பில் எனக்குத் தோன்றாதது அது. பழைய பலகைகளில் கடவுச்சொல் மின்கலத்தை நம்பியிருந்தது உண்மைதான். பின்வந்தவற்றுட் பலவற்றில் அது மின்னின்றியும் நிலைக்கும் சில்லில் எழுதப்படுகின்றது. மடிக்கணினிகள் சிலவற்றில் இச்சொல்லை மறந்தால் தாய்ப்பலகையையே மாற்றுவதைத் தவிர வழியில்லை என உற்பத்தியாளரே கூறிவிடுகின்றனர். எங்களது மேசைக்கணினி அத்துணை இறுக்கமானதன்று. பையன் இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தான். உள்ளே ஓர் ஓட்டறை. அதனை வாயால் ஊதினான். பலகையின் ஓரத்தில் இரு ஊசிமுனைகளை இணைத்தபடி நகக்கண் அளவான நீலநிறத் தொப்பி ஒன்று இருந்தது. அருகே கடவுச்சொல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அச்சிடப்பட்டிருந்தது. அதனைப் பிடுங்கி, ஒருமுறை இயக்கி, நிறுத்தி, மீண்டும் பொருத்தினான். மின்கலத்தையும் மாற்றினான். திகதியை நான் சரிசெய்தேன். எல்லாம் ஒரு தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடிந்தது. மாஸ்டர் கைதட்டினார்.

பதினான்கு மாதங்கள் என் பெருமிதத்துக்கு உரியதாய் இருந்த பூட்டின் மதிப்பு அவ்வளவுதான். வெட்கமும் வியப்பும் சேர, "இவ்வளவு சுகமோ?" என்றேன்.

"பெட்டியைத் திறக்கலாமெண்டால் இது சும்மா, அக்கா. வன்தட்டைக் கழட்டி வேறை பெட்டியிலை போட்டாலும் உள்ளுக்கை இருக்கிறது எல்லாம் தெரியும்." சிறிது பொறுத்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அண்டைக்கும் நான் பூட்டு ஒண்டையும் உடைக்கேல்லை. பூட்டு இருக்கேல்லை. தொடக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லவும் இல்லை."

இச்சொற்களை நான் பல நாள் எண்ணியதுண்டு. எமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், சட்டமுறையான அதிகாரமின்றிக் கணினியிற் புகுவதைக் குற்றம் என்கின்றது. அதிகாரம் என்பது தருபவர் ஒருவர் இருந்தாலன்றோ உண்டு, இல்லை என்று கூறலாம்? எங்கள் வாசிகசாலையில் நூல் எடுப்பதற்கு விதி உண்டு. பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டு செல்லலாகாது என்ற பலகைகூட உண்டு. கணினியை எவர் எதுவரை தொடலாம் என்று எவரும் கூறியதில்லை. கூறாத விதியை மீறியவனாக அவனை ஆக்கினேன். பின்னர் விதியைக் கூறாமலே பூட்டினேன். அப்பூட்டு அவனுக்கு மட்டும் தெளிவாக ஒன்றைக் கூறிற்று. அவன் வருவதை நிறுத்தினான். மற்றெல்லோரும் அதன் கீழே வழக்கம்போல் இருந்து பாடம் படித்தனர்.

என் அம்மம்மாவின் இடுப்பில் ஒரு திறப்பு உண்டு. 2009 இன் தொடக்கத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வீட்டைப் பூட்டி எடுத்துச் சென்றது. மீண்டு வந்தபோது கதவும் இல்லை, கதவு நின்ற சுவரும் இல்லை. திறப்பை இற்றைவரை அவர் எறியவில்லை. புதிய வீட்டின் திறப்போடு அதே கோர்வையில் கிடக்கின்றது. நான் கடவுச்சொல்லை மறந்த கதையைக் கேட்டபோது, "கதவு இருக்கத் திறப்பைத் துலைச்சியோ?" என்று சிரித்தார்.

அன்று மாலை நாங்கள் செய்தவை அதிகம் இல்லை. அவ்வகை அலுவலகக் கணினிகளின் பின்புறத்தில், பக்கத் தகட்டையும் பெட்டியையும் இணைத்துப் பூட்டுதற்கென உலோக வளையம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அத்தனை நாளும் அது எதற்கென நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. மாஸ்டர் தம் துவிச்சக்கரவண்டியிலிருந்த ஆமைப்பூட்டைக் கழற்றித் தந்தார். வெளித்தட்டிலிருந்து தொடங்கும் வசதியை மீண்டும் நிறுத்திப் புதிய கடவுச்சொல் இட்டோம். ஆமைப்பூட்டையும் கொறடாவால் நறுக்கலாம் என்பதை அறிவோம். நறுக்கினால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். இப்பூட்டுகளிடம் நான் இன்று எதிர்பார்ப்பதும் அவ்வளவே: தெரியாமல் நிகழவிடாதிருத்தல். இரகசியம் காக்க வேண்டிய ஆவணம் எனின், வன்தட்டில் உள்ளவற்றையே மறையீடு செய்துவிடல் வேண்டும்; எங்கள் பாடல்கள் இரகசியமல்ல, எவரும் கேட்பதற்கே பதிந்தவை. அவற்றுக்கு வேண்டியது இரண்டாவது இடம். எஞ்சிய இரண்டையும், அம்மம்மாவும் மற்றை இரு பெண்களும் மீளப் பாடித்தந்த ஐந்தையும் மூன்று இடங்களில் வைத்துள்ளேன். ஆச்சியினுடையவற்றை எங்கும் வைக்க இயலாது. அவற்றுள் ஒன்றின் முதலடி அம்மம்மாவுக்கு நினைவிருக்கின்றது, அதற்குமேல் வரவில்லை.

கடவுச்சொல்லை எழுதி வைப்பது மடமை என்று படித்த நான், அதனைத் தாளில் எழுதினேன். மாஸ்டர் கடித உறையொன்று எடுத்து வந்தார். தாளை உள்ளிட்டு ஒட்டி, வாசிகசாலைக் கணக்குப் புத்தகம் இருக்கும் அலுமாரியில் வைப்பதெனவும், உறை எப்போது எவரால் ஏன் திறக்கப்பட்டது என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுவதெனவும் தீர்மானித்தோம். தேர்தல் வாக்குப்பெட்டி போல ஒட்டின் மீது கையொப்பம் இட வேண்டும் என்றார் மாஸ்டர். பலமுறை தேர்தற் கடமை பார்த்தவர் அவர். முதலில் அவர் இட்டார், அடுத்து நான். ஆமைப்பூட்டுக்கு இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்றைத் தம் சட்டைப்பையில் வைத்து, மற்றதை என்னிடம் கேட்காமலே பையனிடம் கொடுத்தார். என் வாயில் ஏதோ ஒரு சொல் எழுந்தது. அதனை நான் சொல்லவில்லை.

பேனாவையும் உறையையும் அவனிடம் தள்ளினார். அவன் கையிலிருந்த எண்ணெய்க் கறுப்பைக் காற்சட்டையிற் துடைத்துக்கொண்டு, முதன்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அக்கா, பேரை முழுசா எழுதவோ?"